சோளம் அறுத்த மாதத்து வாய்தா

"எஸ்தர்... எஸ்தர்... எஸ்தர்."

டவாலி சின்னசாமி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டார். முதல் தடவை சாலையைப் பார்த்து. இரண்டாவது தடவை டீக்கடையைப் பார்த்து. மூன்றாவது தடவை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து. கோர்ட்டுக்கு வந்தவர்கள் இந்த மூன்று பக்கத்தில் ஏதோ ஒன்றில்தான் இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு.

பதில் இல்லை. சின்னசாமி உள்ளே வந்து, குனிந்து, "இல்லீங்க ஐயா" என்றார்.

"வாதி வக்கீல்?" என்று நீதிபதி கேட்டார். வக்கீல் வரதராஜன் அன்று பக்கத்து ஊர்க் கோர்ட்டில் ஒரு வழக்குக்குப் போயிருந்தார். அவருடைய ஜூனியர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் நஞ்சப்பன் எழுந்து, "கடைசி வாய்ப்புன்னு போன தடவையே ரெண்டு தரப்புக்கும் சொல்லியாச்சுங்க" என்று பணிவாக நினைவூட்டினார்.

நீதிபதி எழுதினார். வாதி அழைக்கப்பட்டார், ஆஜரில்லை, வழக்கு தள்ளுபடி. பேனா தாளில் உரசிய சத்தம் என் மேஜை வரை கேட்டது.

நான் அந்த முன்சீப் கோர்ட்டில் தலைமை எழுத்தர். காலை ஒன்பதரை மணியிலிருந்து எஸ்தர் அந்தத் தூணருகே நின்றதை நான் பார்த்திருந்தேன். ஊதா நிறச் சேலை, கையில் மஞ்சள் பை, அதற்குள் பட்டா நகல். வந்தாளே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்கிற கோர்ட்டில் தலைமை எழுத்தர் குறுக்கே பேசுவதில்லை என்பது முறை. அந்த முறையை அன்று நான் கடைப்பிடித்தேன். அதற்காக இன்றும் எனக்கு என் மேல் கோபம் தீரவில்லை.

அரை மணி கழித்து அவள் ஓடி வந்தாள். கணுக்கால் வரை செம்மண்.

"ஏனுங்க, என்ற கேசு கூப்பிட்டுட்டாங்களா?"

"முடிஞ்சு போச்சு அம்மணி" என்றார் சின்னசாமி. "எங்க போயிட்டே? தொண்டை கிழியக் கூப்புட்டேன்."

தூணில் சாய்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு என்ன போயிற்று

எஸ்தர் கிணத்துக்கடவுக்கு அப்பால் ஒரு தேங்காய்க் களத்தில் தேங்காய் உடைக்கும் வேலை செய்தவள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை. சர்க்கார் அவளுக்கும் அவள் தெருக்காரர்களுக்கும் ஆளுக்கு மூன்று சென்ட் வீட்டுமனை கொடுத்திருந்தது. அவள் மனை கடைசி மனை. அங்கிருந்து தார்ச்சாலைக்கு வர ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக நடைபாதை. தோப்புக்காரர் அதைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார். அதன்பின் அவள் வீட்டுக்குப் போக வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டும். கூரைக்கு வாங்கிய தகரங்கள் சாலையோரத்தில் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

பாதையைத் திறந்துவிடச் சொல்லித்தான் வழக்கு. வாதி வராமல் தள்ளுபடியான வழக்கை அதே காரணத்துக்காகப் புதிதாகப் போட முடியாது. தள்ளுபடியை ரத்து செய்து பழைய வழக்கையே மறுபடி எடுத்துக்கொள்ளக் கேட்டு மனுப் போடலாம். அதற்கும் வராமல் போனதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பாதை அவளுக்கு ஆயுளுக்கும் மூடியதுதான்.

கோர்ட் இருந்த ஊரின் பெயரை எழுதவில்லை. பொள்ளாச்சி சாலைப் பக்கம், தொண்ணூறுகளின் நடுவில், என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி, கிழமை எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. தேதி சொல்லாமல் எழுதுகிறேன் என்று இந்தத் தொடருக்குக் கடிதம் போடும் வாசகர்களே, தேதி சொன்னால் நீதிபதி யார் என்று தெரிந்துவிடும். அவர் நல்ல மனிதர்.

பஞ்சுக் கிடங்கு

அந்தக் கோர்ட் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது. ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்கு. சுவரில் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் பருத்திக்கொட்டை வாசம் எழும். நீதிபதி உட்கார்ந்த மேடை, முன்பு பஞ்சு மூட்டைகளை நிறுத்து எடை பார்த்த மேடை. நீதியை நிறுக்கிற இடம்தானே என்று வக்கீல்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த வேடிக்கையைச் சொல்வார்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு நீதிபதியும் அதற்குச் சிரித்தாக வேண்டும்.

நீதிபதியின் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை இருந்தது. ஊழியர்கள் நாங்கள் அத்தனை பேரும் ஆண்கள். எங்களுக்கும் வக்கீல்களுக்கும் தெற்குச் சுவர். கட்சிக்காரர்களில் ஆண்களுக்கும் அதே சுவர். கோடையில் காற்று திரும்பினால் சாட்சி சொல்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

பெண்களுக்கு?

இப்போது சின்னசாமி கூப்பிடாத நான்காவது பக்கத்துக்கு வருகிறேன். கட்டடத்துக்குப் பின்னால், வடக்கே, ஒரு காடு. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்போம். அதில் சோளம் போட்டிருப்பார்கள். சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும்போது பெண்கள் அதற்குள் போய் வருவார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று சின்னசாமி கூப்பிடமாட்டார். ஆனால் அவர் வராந்தாவில் கூப்பிடுவது அங்கே கேட்கும். கேட்டவள் ஓடி வந்துவிடுவாள், இல்லையென்றால் கூட வந்தவள் போய் அழைத்து வருவாள். இது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஏற்பாடு.

எஸ்தரின் வாய்தாவுக்கு நான்கு நாள் முன்பு சோளத்தை அறுத்துவிட்டார்கள்.

டைரியும் பதிவேடும்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்த புத்தகம், பெய்த மழை, பக்கத்துக் காட்டில் விதைப்பு, அறுப்பு, எல்லாவற்றையும் அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு இது சுலபம். துடியலூரில் என் வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. "சோளம் அறுத்தா உங்களுக்கென்னங்க? நீங்களா மாட்டுக்குத் தட்டு வாங்கறீங்க?" என்பாள் என் மனைவி.

எஸ்தர் ஓடி வந்த அன்று மாலை, எல்லோரும் போன பிறகு, வழக்குப் பதிவேட்டை எடுத்தேன். என் மேஜை டிராயரில் இருந்த பழைய டைரிகளையும் எடுத்தேன். பெண் வாதிகள் 'ஆஜரில்லை' என்று தள்ளுபடியான நாட்களை ஒரு தாளில் குறித்தேன். காட்டில் சோளம் நின்ற மாதங்களையும் அறுத்துக் கட்டையாகக் கிடந்த மாதங்களையும் எதிரே குறித்தேன்.

எண்ணிக்கை இங்கே சொல்லப் போவதில்லை. சோளம் நின்ற மாதங்களில் அந்தத் தாள் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அறுத்த மாதங்களில் பெயர்களை வரிக்குள் அடக்க முடியவில்லை.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். தப்பாகக் குறித்துவிட்டேனோ என்று மறுபடி ஒத்துப் பார்த்தேன். தப்பில்லை. ஒரு பெண்ணுக்கு இந்தக் கோர்ட்டில் நீதி கிடைக்குமா என்பது பக்கத்துக் காட்டுக்காரர் எப்போது அரிவாளை எடுக்கிறார் என்பதில் இருந்திருக்கிறது. சட்டப் புத்தகங்களை அடுக்கி வைத்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தேன். ஜன்னல் வழியாக இத்தனை வருஷம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பெண்களில் சிலர் மறுபடி மனுப் போட்டிருந்தார்கள். காரணங்கள்: காய்ச்சல். வயிற்று வலி. பஸ் தவறிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல். மறுபடி காய்ச்சல். ஒரு மனுவில்கூட உண்மைக் காரணம் இல்லை.

குதிரைக்கு இருந்த இடம்

அடுத்த வாரமே புதுக் கோர்ட் கட்டடத்துக்கான கூட்டம் வந்தது. சொந்த இடம் கிடைத்து வரைபடமும் தயாராகியிருந்தது. மதிய இடைவேளையில் நீதிபதியின் அறையில் அதை விரித்தோம். நீல நிற நகல். அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. சுருண்டு சுருண்டு வந்த நான்கு மூலையிலும் மை டப்பா, தண்ணீர் டம்ளர், இரண்டு சட்டப் புத்தகம் வைத்தோம்.

பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் இளம் பொறியாளர் வந்திருந்தார். வக்கீல் சங்கச் செயலாளர் என்ற முறையில் நஞ்சப்பனும் வந்திருந்தார். எஸ்தரின் எதிர்த் தரப்பு வக்கீல் என்று மேலே சொன்னேனே, அவர்தான். அவருக்குக் கார் நிறுத்த முகப்பு மண்டபம் இன்னும் அகலமாக வேண்டும். இரண்டு கார் சேர்ந்து நிற்க வேண்டும். வடக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதற்குத்தான் வாதாடினார்.

நான் வரைபடத்தைக் குனிந்து பார்த்தேன். நீதிபதி அறை, அதை ஒட்டிய கழிப்பறை. கோர்ட் ஹால். பதிவேட்டு அறை. வக்கீல்கள் அறை, அதை ஒட்டி ஒரு கழிப்பறை. ஊழியர் கழிப்பறை. சாட்சிகள் நிற்க வராந்தா. தண்ணீர்ப் பானைக்கு மேடை. சைக்கிள் ஷெட்.

"பொம்பளைங்களுக்கு எங்கீங்க?" என்று கேட்டேன்.

"என்னங்க பொம்பளைங்களுக்கு?" என்றார் பொறியாளர்.

"கழிப்பறைங்க."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீங்க எழுதி அனுப்புனதைத்தாங்க வரைஞ்சிருக்கறோம். உங்க லிஸ்ட்ல அது இல்லீங்களே."

கோர்ட்டின் தேவைப் பட்டியல். அடியில் என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று ஊரில் பெயர் வாங்கிய கையெழுத்து.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பட்டியல் கேட்டுக் கடிதம் வந்தபோது, பழைய கோப்பில் என்ன இருந்ததோ அதைப் பார்த்து எழுதினேன். எங்கள் உத்தியோகத்தில் அப்படித்தான். முன்னால் ஒருவர் எழுதியிருந்தால் அதுதான் சரி. எனக்கு முன்னால் இருந்தவர் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து எழுதியிருந்தார். அந்தக் கோப்பின் அடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் கடைசி வரி, குதிரைகள் கட்ட லாயம். அதைப் பின்னால் வந்த ஒருவர் வண்டி நிறுத்துமிடம் என்று திருத்தியிருந்தார். நான் சைக்கிள் ஷெட் என்று திருத்தினேன். திருத்திவிட்டு, காலத்துக்கு ஏற்றபடி செய்தோம் என்று திருப்திகூடப் பட்டேன்.

குதிரைக்கு இடம் இருந்தது. சைக்கிளுக்கு இருந்தது. தண்ணீர்ப் பானைக்கு இருந்தது. அந்தப் பானைத் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று பயந்து வாயை நனைக்காமல் நின்ற பெண்களுக்கு நான்கு தலைமுறைத் தலைமை எழுத்தர்களும் இடம் வைக்கவில்லை. அதில் நான்காவது ஆள் நான்.

"வடக்குப் பக்கத்து இடத்தை அதுக்குக் குடுத்துரலாமுங்க" என்றேன்.

நஞ்சப்பன் சிரித்தார். "ஏனுங்க ஹெட் கிளார்க், நாம கட்டறது கோர்ட்டுங்களா, கல்யாண மண்டபமுங்களா?"

"கல்யாண மண்டபத்துல இருக்குதுங்களே. ஒரு நாள் வந்து சாப்ட்டுட்டுப் போறவங்களுக்கு அங்க இருக்குதுங்க. இங்க வருஷக்கணக்கா வர்றாங்க."

"இத்தனை நாள் வந்தாங்களே, யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கறாங்களா? எங்களுக்குத் தெரியாத கட்சிக்காரங்களா? கேட்காததைக் கட்டி என்னங்க பண்றது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் யாரும் உயர்த்தமாட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்து, தலையைச் சாய்த்து, இல்லை என்பார்கள். கத்துகிறவனோடு சண்டை போடலாம். இவர்களை என்ன செய்வது?

நீதிபதி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. பிறகு சொன்னார்: "பிளானை மாத்தணும்னா ஜில்லா கோர்ட்டுக்கு எழுதணும். ஏன்னு கேப்பாங்க. ஃபைல்ல ஏதாவது இருக்கா? ஒரு புகார், ஒரு மனு, எங்கயாவது?"

என் சட்டைப் பையில் அந்தத் தாள் மடித்து இருந்தது. ஆனால் பக்கத்துக் காட்டின் சோளமும் என் டைரியும் கோர்ட்டுக்கு ஆவணமாகுமா? கோப்பில் இருந்தது காய்ச்சல் மட்டும்தான்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

நஞ்சப்பன் டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார். வரைபடத்தின் ஒரு மூலை சுருண்டுகொண்டது.

காய்ச்சல்

சில நாளில் வக்கீல் வரதராஜன் எஸ்தரை என் மேஜைக்கு அழைத்து வந்தார். மறுபடி வழக்கை எடுக்க மனு. கூடவே அவள் பெயரில் பிரமாணப் பத்திரம். என் முன்னால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் நான் அதைப் படித்துக் காட்டி, உண்மைதானா என்று கேட்க வேண்டும். பல கோர்ட்டுகளில் யாரும் படிப்பதில்லை. நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பேன். இதனால் வக்கீல்கள் என் மேஜைக்கு வரும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

"...அன்றைய தினம் எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபடியால்..."

"இல்லீங்க" என்றாள் எஸ்தர்.

வரதராஜன் அவள் பக்கம் திரும்பினார். "நீ சும்மா இரு அம்மணி. எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க. டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கிக்கறேன்."

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்களே."

"இருந்துச்சுன்னு வெச்சுக்க."

"அப்ப நான் அன்னைக்கு வரவே இல்லைன்னு ஆயிருமுங்க. நான் வந்தனுங்க. வெடியால மொத பஸ் புடிச்சு வந்தன். இந்தத் தூணுகிட்டத்தான் நின்னன்." என்னைப் பார்த்தாள். "இவியளுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வரதராஜன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் நெருங்கினார். அவர் கெட்டவர் அல்ல. "இதா பாரு கண்ணு. காய்ச்சல்னா எதிர்த் தரப்புல ஒண்ணும் பேசமாட்டாங்க. அரை நிமிசத்துல முடிஞ்சுரும். நீ சொல்றதைப் போட்டா, அந்த நஞ்சப்பன் உன்னைக் கூண்டுல ஏத்தி எங்க போனே, எதுக்குப் போனே, எத்தனை நேரம் உட்கார்ந்தேன்னு கேப்பாரு. இத்தனை ஆம்பளைங்க முன்னாடி. ஜட்ஜுக்கே புடிக்காமப் போனா பாதை போச்சு. உனக்கு வேணுமா?"

அவள் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமில்லை என்று எழுதினால் அது பொய். உதடு உலர்ந்து வெடித்திருந்தது. கோர்ட் வளாகத்தில் அவள் அன்றும் தண்ணீர் குடித்திருக்கமாட்டாள்.

புதுக் கட்டடத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ உண்மையைச் சொன்னால் ஒரு வரைபடம் மாறும் என்று அவள் காதில் போடத் துடித்தேன். போடவில்லை. கட்சிக்காரருக்கு யோசனை சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைவிட, அவளுடைய பாதையைப் பணயமாக வைத்து என் பட்டியலைத் திருத்திக்கொள்ள எனக்கென்ன வாய் இருக்கிறது?

"மாத்தி எழுதுங்க" என்றாள் வரதராஜனிடம். "நடந்தது என்னமோ அதையே எழுதுங்க."

கூண்டில்

விசாரணை நாளன்று வக்கீல்கள் பெஞ்சு நிரம்பியிருந்தது. செய்தி பரவியிருந்தது. வேறு வேலை இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தோப்புக்காரர் முன் பெஞ்சில், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு.

எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினாள். நஞ்சப்பன் எழுந்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வந்தே?"

"ஒன்பதரைக்கெல்லாம் வந்துட்டனுங்க."

"வந்தவ எதுக்கு வெளிய போனே?"

"ஒண்ணுக்குப் போனனுங்க."

பெஞ்சில் ஒரு செருமல், ஒரு அடக்கிய சிரிப்பு. நீதிபதி தலையை நிமிர்த்தாமல் எழுதினார். சாட்சி சொல்வதை அவரே கையால் எழுதிக்கொள்வது வழக்கம்.

"எங்க போனே?"

"ரயில் கேட்டைத் தாண்டி அக்கட்ட. முள்ளுக்காட்டுக்குங்க."

"பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பிடம் இருக்குதே?"

"அங்கதானுங்க மொதல்ல போனன். தண்ணி இல்லைன்னு பூட்டியிருந்துது."

"போயிட்டு வர எத்தனை நேரம் ஆச்சு?"

"எங்கிட்ட வாட்ச்சு இல்லீங்க. ஒரு நடை நடந்துட்டு வந்து நீங்களே சொல்லுங்க."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. நஞ்சப்பனின் காது சிவந்தது. "கேஸ் முக்கியமா, இது முக்கியமா? கொஞ்ச நேரம் பொறுத்திருக்க முடியாதா?"

எஸ்தர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுத்தனுங்க. மொத நாள் பொழுது சாஞ்சதுல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காமப் பொறுத்தன். போன வாய்தாவுலயும் பொறுத்தன். அதுக்கு முந்தின வாய்தாவுலயும் பொறுத்தன். அந்த ரெண்டு தடவையும் கூப்பிட்டப்ப நான் இங்க நின்னனுங்க. உங்க கட்சிக்காரருதானுங்க வரலை. அவருக்கு மட்டும் வேற தேதி குடுத்தீங்க."

நஞ்சப்பன் அடுத்த கேள்விக்கு வாயெடுக்கும் முன், முன் பெஞ்சிலிருந்து தோப்புக்காரர் எழுந்தார்.

"போதுமுங்க வக்கீலய்யா. விட்டுருங்க" என்றார்.

அவர் பாதையைத் திறந்துவிடச் சம்மதித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி வரை வழக்காடினார். ஆனால் அந்தக் கேள்விகளை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நஞ்சப்பனால் முடிந்தது. அவருக்கு அது தொழில் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நான் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

நீதிபதி அன்றே உத்தரவு எழுதினார். வாதி அன்று வராமலில்லை, வந்திருந்தார். அழைத்தபோது இல்லாமல் போனதற்கு இந்த வளாகத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லாததே காரணம், அது வாதியின் குற்றமல்ல. வழக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்படுகிறது. இருபது நாள் தள்ளி வாய்தா.

அந்த உத்தரவின் நகலை இணைத்து, தேவைப் பட்டியலை நான் திருத்தி எழுதினேன். பழைய கோப்பைப் பார்க்காமல் எழுதிய முதல் பட்டியல் அது. அன்று நீதிபதி கேட்ட ஆதாரம் இப்போது ஃபைலில் இருந்தது.

அதுவரைக்கும்?

எஸ்தரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வராந்தாவில் பிடித்து, "நீ சொன்னதை வெச்சுத்தாம்மா புதுக் கட்டடத்துல பொம்பளைங்களுக்கு ரூம் வரப் போகுது" என்றேன்.

"நல்லதுங்க. எப்பக் கட்டுவீங்க?"

"பணம் ஒதுக்கோணும், டெண்டர் விடோணும். ரெண்டு மூணு வருசம் ஆகுமுங்க."

"என்ற வாய்தா இருபது நாள்ல வருதுங்களே. அன்னைக்கு நான் எங்கீங்க போறது?"

நான் திருத்திய பட்டியலின் நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாய்தா நாளன்று நான் கோர்ட்டுக்கு வந்தபோது பதிவேட்டு அறைக்குப் பின்னால் கடப்பாரைச் சத்தம். எஸ்தரும் அவளோடு களத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களும். முதல் பஸ்ஸின் கூரையில் தென்னந்தடுக்குகளையும் மூங்கிலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான்கு மூங்கில் நட்டு, சுற்றிலும் தடுக்கு கட்டி, உள்ளே குழி தோண்டியாகிவிட்டது. சின்னசாமி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு போனார்.

"அனுமதி வாங்கியிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எஸ்தர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடியே சொன்னாள்: "உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமுங்களே. எழுதிக்குங்க."

அன்று அவள் சாட்சி மதியத்துக்கு மேலும் நடந்தது. இடையில் பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தீர்ப்பு வரச் சில மாதம் ஆயிற்று. பாதை அவளுக்கே. கோர்ட் உத்தரவோடு அமீனா போய்க் கம்பியை வெட்டினார். துருப்பிடித்த தகரங்கள் அந்த வழியாகவே போய்க் கூரை ஏறின. புதுக் கட்டடம் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. வடக்குப் பக்கத்தில் அந்த அறை இருந்தது. முகப்பில் ஒரு கார்தான் நிற்கும்.

அதுவரை அந்தத் தடுக்கு நின்றது. சோளம் நின்றாலும் அறுத்தாலும் நின்றது. ஓலை மக்கினால் யாரோ புதிதாகக் கட்டிவிட்டுப் போவார்கள். யார் என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் எழுத வேண்டி வந்திருக்கும்.

நஞ்சப்பனுக்கு அது உறுத்தியது. அது கட்டிய அடுத்த மாதமே, வக்கீல் சங்கத்தின் பெயரில் ஒரு மனுவை என் மேஜையில் வைத்தார். கோர்ட் வளாகத்தில் அனுமதியின்றி அமைத்த, பார்வைக்கு அழகற்ற தடுக்கை உடனே அகற்ற வேண்டும்.

மனுக்களில் குறை இருந்தால் எழுதித் திருப்புவது என் வேலை. இரண்டு தடவை படித்தேன். பேனாவை எடுத்து, என் நல்ல கையெழுத்தில் ஓரத்தில் எழுதினேன்: 'தடுக்கை அகற்றிய பின் பெண்கள் எங்கே செல்ல வேண்டும் என்பது மனுவில் குறிப்பிடப்படவில்லை. குறையை நிவர்த்தி செய்து, பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் தாக்கல் செய்யவும்.'

நீதிபதியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுச் சுருக்கொப்பம் போட்டார்.

நஞ்சப்பன் மனுவை வாங்கிப் பார்த்தார். "என்னங்க இது?"

"குறைங்க. சரி பண்ணிக் கொண்டு வாங்க, எடுத்துக்கறேன்."

அவர் அதை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் திருப்பிய மனுக்களில் மறுபடி தாக்கல் ஆகாதது அது ஒன்றுதான்.